ரசீது இருக்காம்மா?

சென்ற ஆண்டு ஜூலை முதல் தேதி, காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு பொய் சொன்னேன். தெரிந்து சொன்னதில்லை. விரிவாக்கப்பட்ட விற்பனை, சேவை வரி, அதாவது எஸ்.எஸ்.டி., அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. "இன்னியிலிருந்து ஆப்பிள், ஆரஞ்சு வாங்கினாலும் வரி, அழகு நிலையத்துக்குப் போனாலும் வரி" என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். தொலைபேசி அழைப்புகள் வந்து குவிந்தன. கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அழுதேவிட்டார். நிகழ்ச்சி அமோகம் என்று தயாரிப்பாளர் கட்டை விரலைக் காட்டினார்.

நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைத் திறந்தால், செராஸ் அங்கிளிடமிருந்து ஒரு வாட்ஸ்அப். "ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழம் எல்லாத்தையும் ஜூன் 27ஆம் தேதியே பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. அழகு நிலையமும் இல்ல. நாளைக்குத் திருத்திச் சொல்லும்மா."

மறுநாள் திருத்திச் சொன்னேன். அதற்கு இரண்டே அழைப்புகள் வந்தன. கிள்ளான் அம்மா அந்த இரண்டில் இல்லை. இன்றுவரை அவர் ஆப்பிளுக்கு வரி கட்டுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ.

அங்கிள் எங்கள் குடும்பத்துக்கு வரிக் கணக்கு பார்ப்பவர். அப்பா காலத்துப் பழக்கம். செராஸ், தாமான் கோனோட்டில் ஒரு கடை வீட்டின் மேல்மாடியில் அலுவலகம். லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், நிதியமைச்சு கொடுத்த வரி முகவர் உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். புதன்கிழமை மாலையில் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கீழே பசார் மாலாம் நடக்கும். வறுத்த தோஃபு வாசனையோடுதான் வருமான வரி பேச வேண்டும்.

எண்பதுகளில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். வருமான வரி இலாகா மதிப்பீட்டுக் கடிதம் அனுப்பி, நாம் பதில் எழுதிய காலம் அது. 1995இல் மாதச் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை வந்தது. 2004இல் தனிநபர்கள் தங்கள் வரியைத் தாங்களே கணக்கிடும் முறை வந்தது. 2006இல் மின்னியல் தாக்கல். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நடப்பாண்டு வருமானத்துக்கு நடப்பாண்டிலேயே வரி என்று மாறியபோது 1999ஆம் ஆண்டு வருமானத்துக்கு அரசாங்கம் வரியே வேண்டாம் என்று விட்டுவிட்டது. "அந்த ஒரு வருஷம் ஜனங்க என்னைப் பாத்து சிரிச்சாங்க. அதுக்கப்புறம் யாரும் சிரிச்சதில்ல" என்பார்.

அவருடைய கருத்துகளை எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வரியைப் பற்றி இந்த நாட்டில் கருத்து சொல்லாதவர் கிடையாது. கோப்பிக் கடையில் சொல்கிறார்கள், நாடாளுமன்றத்தில் சொல்கிறார்கள், வானொலியில் நானும் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான வீடுகளின் ரசீதுகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் குறைவு. பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். இந்த ஏப்ரல் மாதம் என் பாரத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பேட்டி எடுக்கப் போனவள், விசாரணைக்கு உட்கார்ந்தவள் போல ஆகிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்வி எல்லாரும் கேட்பதுதான். ஜி.எஸ்.டி. நல்லதா, எஸ்.எஸ்.டி. நல்லதா?

மேசை டிராயரைத் திறந்து ஒரு பழைய ரசீதை எடுத்துக் காட்டினார். 2016இல் யாரோ வாடிக்கையாளர் விட்டுப் போனது. எழுத்து பாதி மங்கிவிட்டது. அடியில் 'ஜி.எஸ்.டி. 6%' என்ற வரி மட்டும் தெரிந்தது.

"2015 ஏப்ரல் முதல் தேதி இது வந்துச்சு. எல்லாரும் ரசீதோட அடியைப் பாத்தாங்க. பாத்துப் பாத்துக் கோபப்பட்டாங்க. 2018 மே மாசம் ஆட்சியே போச்சு. ஜூன் முதல் தேதி ஜி.எஸ்.டி.யைச் சுழியம் ஆக்குனாங்க. செப்டம்பர் முதல் தேதி எஸ்.எஸ்.டி. திரும்ப வந்துச்சு. இப்போ நீ ஒரு பெட்டி வாங்கு, குளிர்பதனப் பெட்டி. ரசீதுல வரின்னு ஏதாவது போட்டிருக்கா?"

இல்லை.

"விற்பனை வரி பத்து விழுக்காடு. தொழிற்சாலைலயோ, இறக்குமதி பண்ற இடத்துலயோ கட்டிட்டாங்க. அந்த வரியும் சேர்ந்த விலை மேலதான் மொத்த வியாபாரி லாபம் வைக்கிறான், கடைக்காரன் லாபம் வைக்கிறான். கடைசியா நீ கொடுக்கிறே. ஆனா உனக்குத் தெரியாது. தெரியாத வரிக்கு யார் கோபப்படுவா?"

இதுதான் அங்கிளின் மையக் கருத்து. ஜி.எஸ்.டி. ஏழைகளுக்குக் கெடுதல், எஸ்.எஸ்.டி. நல்லது என்று மேடையில் பேசுவதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டுமே நம் பணம்தான். ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது, மற்றது விலைக்குள் ஒளிந்துகொண்டது. அரசாங்கங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நான் விடவில்லை. கிள்ளானில் என் அத்தை மளிகைக் கடை வைத்திருந்தார். ஜி.எஸ்.டி. வந்த வருடம் கணினி வாங்கினார், மென்பொருள் வாங்கினார், கணக்கு எழுத ஆள் வைத்தார். அரிசிக்கு, காய்கறிக்குச் சுழிய விழுக்காடு. பிஸ்கட்டுக்கு 6 விழுக்காடு. எது எதற்கு எவ்வளவு என்று ராத்திரி பதினோரு மணி வரை பட்டியல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. திரும்பி வர வேண்டிய பணம் மாதக் கணக்கில் வரவில்லை. மூன்றாம் வருடம் கடையை விற்றுவிட்டார். வரி வெளிப்படையாக இருந்தது சரி, அந்த வெளிப்படைக்கான கூலியை அத்தை அல்லவா கொடுத்தார்?

அங்கிள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது நடந்ததுதான். பணத்தைத் திருப்பிக் கொடுக்கறதுல பண்ணுன தாமதம்தான் அந்த வரியைக் கொன்னுச்சு. 2017ல அதுல 44 பில்லியன் வெள்ளிக்கு மேல வசூல். வாங்கத் தெரிஞ்ச வேகம் கொடுக்கத் தெரியல." ஆனாலும் என்றாவது ஒருநாள் ஜி.எஸ்.டி. வேறு பெயரில் திரும்ப வரும் என்பது அவர் கணிப்பு. எந்தக் கட்சி கொண்டுவரும் என்று கேட்டேன். "அப்போ யார் ஆட்சியில இருக்காங்களோ அவங்க. எதிர்க்கறது யாரு? அப்போ யார் எதிர்க்கட்சியோ அவங்க."

அவர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதை இருபது வருடமாக அப்பாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

'வேலை செய்கிற எல்லாரும் வரி கட்டுகிறோம்' என்று நாம் பேசுவதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வருடத்துக்கு 20,400. தனிநபர் கழிவு 9,000, அதற்கு மேல் இ.பி.எஃப். கழிவு. மிஞ்சுவதற்கு வரும் வரி சில பத்து ரிங்கிட்தான். வரிக்குட்பட்ட வருமானம் 35,000க்குள் இருப்பவருக்குக் கிடைக்கும் 400 ரிங்கிட் தள்ளுபடி அதையும் விழுங்கிவிடும். ஆக, அவர் வருமான வரி ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. "ஆனா அவரும் பெட்டி வாங்குறாரு. அந்தப் பத்து விழுக்காடு அவருக்கும் அதே பத்துதான், டத்தோவுக்கும் அதே பத்துதான்." பெட்ரோல் உதவித் தொகையையும் அவர் இப்படித்தான் பார்க்கிறார். லிட்டர் 1.99 ரிங்கிட் என்று மைகார்டைக் காட்டி வாங்குவது வரியின் தலைகீழ் உருவம். நம்மிடம் வாங்கியதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு நன்றி விளம்பரம் எதற்கு என்று கேட்கிறார்.

சென்ற ஆண்டின் எஸ்.எஸ்.டி. விரிவாக்கத்தைப் பற்றி அவருக்கு என் அளவுக்குக் கோபம் இல்லை. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரி என்று கத்தினோம். அது வருடத்துக்கு 60,000 ரிங்கிட்டுக்கு மேல் கட்டணம் உள்ள இடங்களுக்கு. தனியார் மருத்துவமனைக்கு வரி என்றோம், அது வெளிநாட்டவருக்கு. அவர் கவலை கடை வாடகை. 8 விழுக்காடாக வந்து, இந்த ஜனவரியில் 6 விழுக்காடாகக் குறைந்த சேவை வரி அது. சிறு வியாபாரிகளுக்கு அதில் விலக்கு உண்டு. "விலக்கு இருக்குன்னு கடைக்காரருக்குத் தெரியணுமே! வீட்டுக்காரன் பில் அனுப்புனா கட்டிடுறாங்க. 'வரின்னு போட்டிருக்கான் அங்கிள், கட்டாம இருக்க முடியுமா?'ன்னு என்கிட்டயே கேக்கறாங்க." தையல்கடை, பூக்கடை, முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் வாடகை பில்லை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

அவர் உண்மையிலேயே கோபப்பட்டது மின்-விலைப்பட்டியல் விஷயத்தில்தான். இ-இன்வோய்ஸ் என்கிறோமே, அது. முன்பெல்லாம் வியாபாரி ஒரு பில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுத்தால் முடிந்தது. இப்போது அந்த பில் வருமான வரி வாரியத்தின் கணினி வழியாகப் போய், அங்கே சரிபார்க்கப்பட்ட பிறகே செல்லும். 2024 ஆகஸ்டில் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ள பெரிய நிறுவனங்களோடு தொடங்கியது. 2025 ஜனவரி, ஜூலை, பிறகு 2026 ஜனவரி என்று படிப்படியாக இறங்கி, ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது.

முறை நல்ல முறை என்கிறார் அங்கிள். கோபம் தேதிகள் மேல்.

"விலக்கு முதல்ல ஒன்றரை லட்சம் வெள்ளி வரைக்கும்னாங்க. அப்புறம் அஞ்சு லட்சம். போன டிசம்பர்ல பத்து லட்சம்னு அறிவிச்சாங்க. நல்ல செய்திதான், நான் இல்லேங்கல. ஆனா என்கிட்ட ஒருத்தர் இருக்காரு, கேட்டரிங். வருஷம் ஏழு லட்சம் விற்பனை. 'கடைசி நேரத்துல ஓடக்கூடாது அங்கிள்'னு முன்கூட்டியே மென்பொருள் வாங்கி, மகளைப் பயிற்சிக்கு அனுப்பி, எல்லாம் தயார் பண்ணி வச்சாரு. இப்போ தேவையில்லையாம். பக்கத்துக் கடைக்காரர் ஒண்ணுமே செய்யல. அவரு கெட்டிக்காரர் ஆயிட்டாரு. அடுத்த தடவை அரசாங்கம் தேதி சொன்னா யாரு நம்புவா?"

விதியைத் தளர்த்துவதை நாம் பெரும்பாலும் கைதட்டி வரவேற்கிறோம். நானும் டிசம்பரில் அந்தச் செய்தியைச் 'சிறு வியாபாரிகளுக்கு இனிப்பான செய்தி' என்று படித்தவள்தான். முந்திக்கொண்டவரின் செலவை நான் நினைக்கவே இல்லை.

அங்கேதான் பேச்சு என் பக்கம் திரும்பியது.

"நீ கல்யாணத்துல எல்லாம் மைக் புடிக்கிறியே, அது எங்க?" என்றார், பாரத்தைப் பார்த்தபடியே.

எங்கள் தொழிலில் இது சாதாரணம். வானொலியில் பெயர் தெரிந்தால் கல்யாணம், பிறந்தநாள், நிறுவன விருந்து என்று நிகழ்ச்சி வழிநடத்தக் கூப்பிடுவார்கள். தொற்றுக் காலம் முடிந்து 2022இல் மண்டபங்கள் திறந்ததிலிருந்து மாதம் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் எனக்கு உண்டு. கவரில் வைத்துக் கொடுப்பார்கள். சிலர் கைப்பேசியில் அனுப்புவார்கள். அதை நான் சம்பளமாக நினைத்ததே இல்லை. மொய் மாதிரி. வானொலிச் சம்பளத்துக்கு நிறுவனம் கொடுக்கும் இ.ஏ. பாரத்தைப் பார்த்து, பி.இ. பாரத்தில் நிரப்பி அனுப்பிவிடுவேன். நான்கு வருடமாக.

"அது சின்னக் காசு அங்கிள்" என்றேன்.

"எவ்வளவு சின்னது?"

வங்கிக் கணக்கைத் திறந்து கூட்டச் சொன்னார். பசார் மாலாமில் யாரோ ஒலிபெருக்கியில் கூவி டுரியான் விற்றுக்கொண்டிருக்க, நான் 2025ஆம் ஆண்டைக் கூட்டினேன். கையில் வந்ததையும் நினைவிலிருந்து சேர்த்தேன். 24,000 ரிங்கிட். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்.

அங்கிள் முகத்தில் அதிர்ச்சியும் இல்லை, கண்டிப்பும் இல்லை. பல் மருத்துவர் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடிக்கடி, தொடர்ந்து செய்து காசு வாங்கினால் அது வியாபார வருமானம். அப்படியானால் எனக்கு பி.இ. பாரம் கிடையாது, பி பாரம். கடைசித் தேதியும் ஏப்ரல் 30 அல்ல, ஜூன் 30. செலவுகளைக் கழிக்கலாம். மண்டபத்துக்குப் போய் வந்த பெட்ரோல், டோல் போட்டார். சொந்தமாக வாங்கிய கம்பியில்லா மைக்குக்குக் கழிவு உண்டு என்றார். புடவை?

"புடவையை மேடைக்கும் கட்டுவே, தீபாவளிக்கும் கட்டுவே. அது சொந்தச் செலவு."

எல்லாம் போக 18,000 நின்றது. வானொலிச் சம்பளத்தில் கழிவுகள் போக என் வரிக்குட்பட்ட வருமானம் 52,000. இரண்டும் சேர்ந்து சரியாக 70,000. 50,000க்கு மேல் 70,000 வரைக்கும் 11 விழுக்காடு. ஆக, இந்த ஆண்டுக்கு மட்டும் நான் கட்டாமல் விட இருந்தது 1,980 ரிங்கிட்.

"யாருக்குத் தெரியப்போகுது அங்கிள்?" இந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்டேன்.

"கல்யாண வீட்டுக்காரர் சொல்லமாட்டாரு. ஆனா கம்பெனி விருந்துக்கு உன்னைக் கூப்பிட்டாங்களே, அவங்க உனக்குக் கொடுத்ததைச் செலவாக் காட்டுவாங்க. காட்டணும்னா யாருக்குக் கொடுத்தோம்னு சொல்லணும். உன் ஐ.சி. நம்பர் வாங்குனாங்களா இல்லையா?"

வாங்கினார்கள். போன வருடம் ஒவ்வொரு நிறுவனமும் அடையாள அட்டை எண்ணும் வரி எண்ணும் கேட்டது. ஏதோ பரிசுச் சீட்டுக்கு என்று நினைத்துக் கொடுத்திருந்தேன்.

மின்-விலைப்பட்டியல் பெரிய நிறுவனங்களின் தலைவலி என்றுதான் நான் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தேன். அது பகுதிநேரமாக டியூஷன் எடுப்பவர், வீட்டில் கேக் செய்து விற்பவர், முகநூலில் பொருளைப் பற்றிப் பேசிக் காசு வாங்குபவர், என்னைப்போல் மைக் பிடிப்பவர் எல்லாரையும் தொடும் என்பது அங்கிளின் மாடியில்தான் உறைத்தது. நாம் பில் எழுத வேண்டியதில்லாமல் இருக்கலாம். நமக்குக் காசு கொடுப்பவர் எழுதுகிறார்.

பழைய மூன்று வருடங்கள்? வருமான வரிச் சட்டத்தில் சாதாரணமாக ஐந்து ஆண்டு வரை பின்னால் போய்க் கணக்கைத் திறக்கலாம். மோசடி, அலட்சியம் என்று வந்துவிட்டால் அந்த வரம்பும் இல்லை. குறைத்துக் காட்டிய வரிக்கு நிகரான தொகை வரை அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. நாமே முன்வந்து சொன்னால் அபராதம் குறையும். அவர்கள் தணிக்கையில் பிடித்தால் கூடும். "நீயே எழுதிடும்மா. நான் வரைவு போட்டுத் தரேன். ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்."

என் சக ஊழியர் ஒருவரின் கதை ஞாபகம் வந்தது. வரி திரும்ப வாங்கித் தருகிறேன், வருகிற பணத்தில் இருபது விழுக்காடு எனக்கு என்று ஓர் ஆள் வந்திருக்கிறார். உரிமம் எதுவும் கிடையாது. பெற்றோர் மருத்துவச் செலவு என்று 8,000 ரிங்கிட்டை அவரே நிரப்பிவிட்டார். ஊழியருக்குப் பணம் வந்தது, ஆளுக்கும் பங்கு போனது. இரண்டு வருடம் கழித்து ரசீதுகளைக் காட்டச் சொல்லி வாரியத்திலிருந்து கடிதம். அந்த ஆளின் தொலைபேசி எண் இப்போது பயன்பாட்டில் இல்லை. கையெழுத்துப் போட்டவர் ஊழியர்தான்.

இதைச் சொன்னதும் அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். "இல்லாததை எழுதுறாங்க. இருக்கறதை விட்டுடறாங்க."

இருப்பதை விடுகிறோம் என்பதற்கு அவர் மேசையிலேயே சாட்சி இருந்தது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ப் பணம் கட்டுவது அண்ணன். ரசீது அம்மாவின் கைப்பையில் மடிந்து, மருந்து வாசனையோடு கிடந்து, தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போகும். பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு. 2025ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தாத்தா பாட்டிக்குச் செய்த செலவையும் இதில் சேர்க்கலாம். பாட்டியோடு இருக்கும் எத்தனை வீடுகளில் இது தெரியும்? பிள்ளைகளின் கல்விக்கு எஸ்.எஸ்.பி.என்.னில் போட்டால் 8,000 வரை உண்டு. ஆனால் அந்த வருடம் போட்டதில் எடுத்தது போக மிஞ்சியதுதான் கணக்கு. ஜனவரியில் போட்டு நவம்பரில் பள்ளிச் செலவுக்கு எடுத்துவிட்டு முழுத் தொகையையும் எழுதுபவர்கள் உண்டாம். வாழ்க்கை முறைக் கழிவு 2,500 ரிங்கிட். கைப்பேசி, கணினி, இணையக் கட்டணத்தோடு புத்தகம், சஞ்சிகை, நாளிதழும் அதில் அடக்கம். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையும்தான். ஆசிரியர் இந்த ஒரு வாக்கியத்தை வெட்டமாட்டார் என்று நம்புகிறேன். ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். மங்கிப்போகும் தாளை அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். நம் வீடுகளில் மெதுவான குரலில் மட்டும் பேசப்படும் விஷயம். முஸ்லிம் அன்பர்கள் செலுத்தும் ஜக்காத் வரியில் நேராகக் கழிகிறது. நாம் கோயிலுக்குக் கொடுப்பது மட்டும் ஏன் கழிவதில்லை?

அங்கிள் வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினார். ஆயிரம் ரிங்கிட் ஜக்காத் என்றால், கட்ட வேண்டிய வரியிலிருந்து அந்த ஆயிரமும் குறையும். அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நான் ஆயிரம் நன்கொடை கொடுத்தால், என் வருமானத்திலிருந்து ஆயிரம் குறையும். 11 விழுக்காட்டில் இருக்கும் எனக்கு மிச்சம் 110 ரிங்கிட். அதற்கும் மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. அங்கீகாரம் இல்லாத இடத்துக்குக் கொடுத்தால் அந்த 110ம் இல்லை.

"அவங்களுக்கு அது மார்க்கக் கடமை, கட்டாயம். நம்மது விருப்பம். ரெண்டையும் ஒண்ணாக்கணுமா வேண்டாமா, அது அரசியல்வாதிங்க பேச வேண்டியது. பேசட்டும், நான் தடுக்கல. ஆனா அந்த 110 இருக்கே, அது நம்ம கையில இருக்கு. வழிபாட்டுத் தலங்களும் வருமான வரி வாரியத்துல அங்கீகாரம் கேக்கலாம். கேட்டா கணக்கை ஒழுங்கா வைக்கணும், காட்டணும். திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகம் போடற வேகத்துல எத்தனை கோயில் நிர்வாகம் இதுக்கு மனு போட்டிருக்கு? அன்னதானத்துக்குக் கொடுத்த ரசீதைத் தூக்கிக்கிட்டு வருஷா வருஷம் என்கிட்ட வர்றாங்க. அதுல அங்கீகார எண் இருக்கான்னு பாப்பேன். இருக்காது. திருப்பிக் கொடுத்துடுவேன்."

இது பாதி நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. சிறிய கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து விளக்கேற்றுபவர்கள். அவர்களால் தணிக்கைச் செலவைத் தாங்க முடியுமா? கேட்டேன். "முடியாதவங்களை நான் சொல்லல. ராஜகோபுரத்துக்கு லட்சக்கணக்குல வசூல் பண்றவங்களைச் சொல்றேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மணி ஒன்பதாகியிருந்தது. அவர் கட்டணத்தைக் கொடுத்தேன். எண் போட்ட ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். "பத்திரமா வை. இதையும் செலவுல கழிக்கலாம், இப்போ நீ வியாபாரி."

கீழே இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு நடந்தேன். பழக்கடையில் ஆப்பிள் அடுக்கி வைத்திருந்தார்கள். நான்கு வாங்கினேன். கடைக்காரர் பணத்தை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தார். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கான கடிதம் போன வாரம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை.